கரைக்கும் கப்பலுக்கும் இரண்டடி

துறைமுகச் சுகாதார அலுவலகத்தில் அடிக்கோல் என்று ஒருவர் இருந்தார். அது அவர் பெயர் அல்ல, அவர் பார்த்த வேலை. கரையோடு கட்டி நிற்கும் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் எத்தனை அடி இடைவெளி என்று நாளைக்கு மூன்று வேளை அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். இரண்டடிக்குக் குறைந்தால் எலி தாண்டிவிடும் என்று எந்தக் காலத்திலோ யாரோ ஒரு புண்ணியவான் விதி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். எலிகள் அதற்குப் பிறகு கயிற்றின் மேல் நடந்து இறங்கக் கற்றுக்கொண்டன. விதிக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

பதினேழு வருடம் அடிக்கோல் அளந்தார். மகள் கல்யாணத்தன்றுகூடக் காலை அளவை எடுத்துவிட்டுத்தான் மண்டபத்துக்கு ஓடினார். கால் அங்குலம் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. அந்தப் பதிவேட்டை யாரும் படித்ததும் இல்லை. அதில் அவருக்கு வருத்தம் கிடையாது. யாராவது படித்தால்தானே வம்பு.

படிக்கும் காலமும் வந்தது. ஊருலகமெல்லாம் கொள்ளைநோய் பரவிக் கிடந்த சமயம், எண்ணூறு பயணிகளோடு ஓர் உல்லாசக் கப்பல் எந்தத் துறைமுகமும் சேர்த்துக்கொள்ளாமல் கடல் கடலாக அலைந்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பி வந்து நின்றது. வெளிநாட்டிலிருந்து வந்து கரை சேரும் கலத்தில் உள்ளவர்கள் பதினான்கு நாள் உள்ளேயே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. இருந்தார்கள். ஒருவருக்கும் தும்மல்கூட இல்லை. பதினான்காம் நாள் காலை எண்ணூறு பேரும் பெட்டியைக் கட்டி, தலைவாரி, படியருகே வந்து நின்றார்கள்.

விடுதலை உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் சுகாதார மேலதிகாரி. அலுவலகத்தில் அவருக்கு 'உட்பிரிவு' என்று பெயர். எந்த உட்பிரிவின்படி என்று தெரியாமல் அவர் தும்மக்கூட மாட்டார். கையெழுத்துப் போடும் முன் எதையாவது படித்துப் பார்க்க வேண்டும் என்ற கடமையுணர்ச்சியில் கைக்கு எட்டிய பதிவேட்டைப் பிரித்தார். அது அடிக்கோலின் பதிவேடு.

"என்னய்யா இது? காலையில ரெண்டடி, மத்தியானம் மூணரை, சாயங்காலம் மறுபடியும் ரெண்டு?"

"கடல் ஏறி இறங்குது சார். தண்ணி ஏறினா கயிறு தளர்ந்து கப்பல் கொஞ்சம் விலகும். இறங்கினா திரும்ப வந்து ஒட்டிக்கும். ராத்திரியும் ஒரு தடவை அப்படித்தான் போய் வரும்."

"அப்போ கப்பல் கரையை விட்டுப் போகுது."

"ஒன்றரை அடி சார்."

"எத்தனை அடின்னு நான் கேக்கலையே. போகுதா இல்லையா?"

"போகுது சார்."

"திரும்பி வருதா?"

"வருது சார்."

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கடலுக்குப் போய்க் கரைக்கு வர்ற கப்பலை, பதினாலு நாளா நிக்குதுன்னு எழுதித் தரச் சொல்றீங்களா? என் தலையைக் கொண்டுபோய்க் கொடுக்கணும்னு பாக்கறீங்களா?"

உட்பிரிவு உடனே ஆணை எழுதினார். 'மேற்படி கலம் தினசரி இருமுறை கரையை நீங்கி மீண்டும் கரை சேர்வதாகப் பதிவேட்டின் வாயிலாகத் தெரியவருவதால், ஒவ்வொரு வருகையிலிருந்தும் பதினான்கு நாள் புதிதாகக் கணக்கிடப்படும்.' தப்பே சொல்ல முடியாத ஆணை. அதுதான் அதிலுள்ள கஷ்டம்.

ஆணையைக் கப்பல் தலைவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவர அடிக்கோலையே அனுப்பினார்கள். படியில் நின்றபடி காகிதத்தை நீட்டினார். தலைவருக்குக் கை எட்டவில்லை. அடிக்கோல் ஒரு காலை மட்டும் கப்பலில் வைத்து எக்கினார். கரையிலிருந்து உட்பிரிவின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"எந்தக் கால்?"

"வலது கால் சார்!"

"இடது எங்கே?"

"படியில சார்!"

"படி யாரோடது?"

அடிக்கோல் குனிந்து பார்த்தார். படியில் கப்பலின் பெயர் எழுதியிருந்தது. "கப்பலோடது சார்."

"அப்போ நீங்களும் பயணி. உள்ள போங்க. அளக்கிற வேலையை நிறுத்திடாதீங்க, அங்கிருந்தே கோலை இறக்கி அளந்து எழுதுங்க."

வீட்டுக்குப் போன் செய்தார். மனைவி எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டாள்.

"உல்லாசக் கப்பல்லயா இருக்கீங்க? இருபத்தஞ்சு வருஷத்துல என்னை ஒரு ஓட்டைப் படகுல கூட்டிட்டுப் போயிருப்பீங்களா?"

"இங்க பாரு, நான் விரும்பியா ஏறினேன்? கால் தவறிப்போச்சு."

"பொண்ணுக்கு இன்னும் இருபது நாள்ல பிரசவம். அவகிட்ட என்ன சொன்னீங்க?"

சொன்னது அவருக்கு மறக்கவில்லை. முதல் பிரசவம். மகள் பயந்த சுபாவம். "அப்பா, நீங்க கதவுக்கு வெளியில உட்கார்ந்திருந்தாப் போதும்ப்பா, எனக்குத் தைரியம் வந்துடும்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். வந்து உட்காருகிறேன் என்று அவரும் சத்தியம் செய்திருந்தார்.

இதற்குள் விஷயம் சுற்றுலா இயக்குநரின் காதுக்கு எட்டியது. கடல் சுற்றுலாவின் எதிர்காலம் என்ற தலைப்பில் மூன்று மாதமாக ஓர் அறிக்கை எழுத உட்கார்ந்து, தலைப்போடு நின்றுபோயிருந்த மனிதர் அவர். எண்ணூறு பேர், ஒரு நாளைக்கு இரண்டு வருகை என்றதும் துள்ளிக் குதித்தார். கொள்ளைநோய்க் காலத்தில் உலகத்திலேயே சுற்றுலா பெருகிய ஒரே துறைமுகம் இதுதான் என்று அறிவித்தார். ஒவ்வொரு முறை கடல் இறங்கும்போதும் வரவேற்பு வாத்தியக் குழுவை அனுப்பினார். குழுவினர் முப்பது அடி தள்ளி முகக்கவசத்தோடு நின்றார்கள். ஊதுகிறவர்களால் ஊத முடியவில்லை. அதனால் பெரிய மேளம் மட்டும் டொம் டொம் என்று கேட்டது.

சுகாதாரத் துறைக்குப் பயணிகள் உள்ளே இருக்க வேண்டும், சுற்றுலாத் துறைக்கு அவர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டும் ஒருசேர நடந்தன. இரண்டு துறைகளும் ஒற்றுமையாக இருந்ததை ஊர் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தது.

பயணிகளாவது கத்திக் கூப்பாடு போட்டார்களா என்றால், முதல் நாள் போட்டார்கள். இரண்டாம் நாள் கடவுச்சீட்டில் நாளுக்கு இரண்டு முத்திரை விழத் தொடங்கியதும் குரல் இறங்கிவிட்டது. மேல்தள அறையிலிருந்த ஓர் அம்மாள் அடிக்கோலிடம், "நாங்க இந்த வாரத்துல மட்டும் எட்டுத் தடவை வெளிநாடு போயிட்டு வந்தாச்சு. நீங்க?" என்று விசாரித்தாள். அவர் தமக்கு ஏழு என்றார். அதோடு அவள் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

கரையில் இருந்தவர்களுக்கு வயிறு எரிந்தது. கடைவீதித் தையல்காரர் பூப்போட்ட உயிர்காப்பு அங்கியும் அதே துணியில் முகக்கவசமும் தைத்துத் தொங்கவிட்டார். காய்கறி வாங்கப் போகிறவர்கள்கூட அதை மாட்டிக்கொண்டு போனார்கள். கொஞ்சம் வசதியானவர்கள் வீட்டுச் சதுர ஜன்னலைப் பெயர்த்துவிட்டு வட்ட ஜன்னல் வைத்தார்கள். அடிக்கோலின் பக்கத்து வீட்டுக்காரர் அப்படி ஒரு ஜன்னல் வைத்து, அதன் வழியே எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, "அலை ஜாஸ்தியா இருக்கு" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நான்கு நாள் போயிற்று. மனைவி மறுபடியும் போன் செய்தாள்.

"ஏங்க, அளந்து எழுதறது யாரு?"

"நான்தான்."

"மூணு வேளையும் ரெண்டுன்னே எழுதித் தொலைங்களேன். கப்பல் நின்ன மாதிரி ஆயிடுமில்ல?"

அடிக்கோலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பொய் அளவு எழுதச் சொல்றியா? பதினேழு வருஷம்..."

"பதினேழு வருஷம் நிஜம் எழுதினீங்க. அதைப் படிச்சுத்தானே உள்ள போட்டாங்க?"

 மத்தியானம் கோலை இறக்கினார். மூன்றரை அடி காட்டியது. பேனாவைத் திறந்தார். மகள் முகம் நினைவுக்கு வந்தது. 'இரண்டு' என்று எழுதிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இடி விழவில்லை. மேளம் மட்டும் வழக்கம்போல் டொம் என்றது.

பதினான்கு நாள் இரண்டு, இரண்டு, இரண்டு என்று எழுதினார். பதினைந்தாம் நாள் காலை மனைவியின் போன் வந்தது. "வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். அப்பா எங்கேன்னு கேக்கறா."

அதே நேரம் உட்பிரிவு கரையில் வந்து நின்றார். ஒரு கையில் பதிவேட்டின் நகல், இன்னொரு கையில் கடல் மட்ட அலுவலகத்தின் சான்றிதழ்.

"கடல் தினமும் ரெண்டு தடவை ஏறி இறங்கியிருக்குன்னு சான்று வந்திருக்கு. ஏறினா இடைவெளி கூடணும். கூடலை. ஏன்?"

அடிக்கோல் கோலைத் துண்டால் துடைக்கத் தொடங்கினார்.

"நீங்க தப்பா எழுதற ஆள் இல்லை. பதினேழு வருஷப் பதிவேட்டையும் பார்த்துட்டேன். அப்போ ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்." உட்பிரிவு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கப்பல் விலகும்போது கரையும் கூடவே போயிருக்கு."

"சார்?"

"ஊரே தினம் ரெண்டு தடவை வெளியே போய் வந்திருக்கய்யா! இதுல கப்பல் மேல என்ன தப்பு? கரையை ஒட்டினபடியே நின்னிருக்கு. உங்க எல்லாரையும் விடுதலை பண்றேன். ஊரைத்தான் உள்ள வைக்கணும். அளவு சரிதானே? சரின்னா ஒரு வார்த்தை சொல்லுங்க."

தப்பு என்று சொன்னால் ஊர் பிழைக்கும், அவருக்கு மறுபடியும் முதல் நாள். சரி என்று சொன்னால் மகளிடம் போகலாம், ஊர் உள்ளே போகும். அடிக்கோல் நல்ல மனிதர்தான், யாரும் மறுக்க முடியாது. ஆனால் பிரசவ வலியில் மகள் கூப்பிடுகிறாள்.

"சரிதான் சார்" என்றார்.

அரை மணியில் ஒலிபெருக்கி வண்டி தெருத்தெருவாகப் போயிற்று. ஊரில் உள்ளவர்கள் வெளியே சென்று திரும்பியவர்கள் என்று தெரியவருவதால் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. எண்ணூறு பயணிகளும் அடிக்கோலும் மட்டும் நடமாடலாம்.

வெறிச்சென்று கிடந்த தெருக்களில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். இரண்டு பக்கமும் வட்ட ஜன்னல்களில் முகங்கள். எல்லோரும் அவரைப் பொறாமையோடு பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக் காவலாளி தடுத்தார். "எங்கிருந்து வர்றீங்க?"

"கப்பல்லேருந்து."

"அப்போ போங்க. இங்க இருக்கிறவங்கதான் ஆபத்து" என்று அவர் தாமே பத்தடி ஒதுங்கிக்கொண்டார்.

பிரசவ அறைக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "அம்மாடி, அப்பா வந்துட்டேன்" என்று கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து "அப்பா!" என்றது மகளின் குரல். கால் மணியில் குழந்தை வீறிட்டது. அடிக்கோல் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் அதற்குமுன் அறிந்ததில்லை. அளந்து எழுதச் சொன்னால் அவராலேயே முடிந்திருக்காது.

போன் அடித்தது.

"கப்பலை விட்டு இறங்கிட்டீங்களா?" உட்பிரிவுதான்.

"இறங்கிட்டேன் சார்."

"கரையில எந்தக் காலை வெச்சீங்க?"

"ரெண்டு காலும் சார்."

"அடடா. ரெண்டுமா?" அவருக்கே பரிதாபமாக இருந்தது. "அப்போ நீங்களும் ஊர்ப் பயணிதான். கப்பல்லேருந்து இறங்கின அத்தனை பேரும்தான். வீட்டுக்குள்ள போயிடுங்க. அளக்கிற நேரத்துக்கு மட்டும் வெளியே வரலாம்."

மறுநாள் சுற்றுலா இயக்குநரின் அறிக்கை ஒருவழியாக வெளிவந்தது. கடல் சுற்றுலாவின் எதிர்காலம் பற்றி இனி யாரும் கவலைப்பட வேண்டாம், குடிமக்கள் அனைவரும் ஏற்கெனவே பயணத்தில்தான் இருக்கிறார்கள், அறை, ஜன்னல், வேளாவேளைக்குச் சாப்பாடு, வெளியே இறங்கத் தடை எல்லாமே உலகத் தரத்தில் உள்ளன என்று அதில் கண்டிருந்தது. ஊர் கைதட்டியது. வட்ட ஜன்னல் இல்லாதவர்கள் கீழ்த்தளப் பயணிகள் என்று அவரவர் தெருவில் இளக்காரமாகப் பேசப்பட்டார்கள்.

காலியான கப்பல் அன்றே நைசாகக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது. போகும்போது அதன் தலைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடிக்கோல் அடுத்த நாள் காலையில் கோலோடு துறைமுகத்துக்குப் போனார். கரை இருந்தது. எதிரே அளக்க எதுவும் இல்லை, வெறும் தண்ணீர். போனில் கேட்டார்.

"சார், எதுலேருந்து எதுவரைக்கும் அளக்கறது?"

"இதெல்லாமா என்னைக் கேப்பீங்க? ஊர் எவ்வளவு போயிருக்குன்னு அளந்து எழுதுங்க. ஜனங்க காத்துக்கிட்டிருக்காங்க."

திரும்பிப் பார்த்தார். துறைமுகத்தை ஒட்டிய தெருவில் ஜன்னலுக்கு ஜன்னல் தலை நீட்டியிருந்தது. பூப்போட்ட அங்கியில் ஒருவர் கையை வாயருகே குவித்துக் கத்தினார்.

"அண்ணே! நேத்திக்கு எத்தனை அடி போயிருக்கோம்?"

அடிக்கோல் கோலைத் தண்ணீருக்கு மேல் நீட்டிச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பதிவேட்டில் எழுதிவிட்டுத் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்.

"ரெண்டடி!"

தெரு முழுக்க ஒரே கைதட்டல். நின்ற இடத்தில் நிற்கவில்லை, எப்படியோ போய்க்கொண்டுதான் இருக்கிறோம் என்று எல்லோருக்கும் நிம்மதி.