காதுக்கு அடுத்துத் தொட்ட இடம்

ஹார்லன் ஃபோர்க், அயோவா
மார்ச் 27, திங்கட்கிழமை

அன்பும் மரியாதையும் உள்ள வெர்லா அக்காவுக்கு,

தம்பி லாயிட் எழுதுவது. இந்த நிமிடம் வரை நானும் என் வீட்டுக்காரி மார்வாவும் சுகம். சனிக்கிழமை கொட்டிய பனி இன்று உருகிவிட்டது, கூரையும் தாங்கிக்கொண்டது. அறுவைக்குப் பிறகு உன் முழங்கால் படியேற ஒத்துழைக்கிறதா, எலுமிச்சை இந்த வருஷமாவது காய்த்ததா, அரிசோனா வெயில் உன்னிடம் கொஞ்சம் மரியாதையோடு நடந்துகொள்கிறதா என்பதையெல்லாம் தெரிந்துகொள்ள ஆவல். இவ்வளவு விசாரித்த பிறகு என் விஷயத்துக்கு வருவது முறையாக இருக்கும் என்று நினைக்கிறேன். உன் வீட்டுப் பின்னறை காலியாக இருக்கிறதா? வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டுவிடுகிறேன். ராஜினாமாக் கடிதம் மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன், எது நல்லது என்று முடிவு செய்ய முடியவில்லை. அதையும் உன்னிடம் கேட்க வேண்டும்.

முப்பத்தொரு வருஷம் கல்லூரி பேஸ்பால் அணிக்குப் பயிற்சியாளனாக இருந்தவனை, போன ஆகஸ்டில் துணை விளையாட்டு நிர்வாகி ஆக்கினார்கள் என்பது உனக்குத் தெரியும். நீ வாழ்த்து அட்டைகூட அனுப்பினாய். எனக்கு மேசை கொடுத்தார்கள், சுழலும் நாற்காலி கொடுத்தார்கள், கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னல் ஒன்றும் கொடுத்தார்கள். பயமாக இருந்தது என்றாலும் ஆர்வமாகவும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நம் கல்லூரிக்கு ஒரு பெண்கள் துப்பாக்கி சுடும் அணி இருக்கிறது, அதுவும் நன்றாகச் சுடுகிறது என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். என் பழைய உடைமாற்றும் அறைக்கு அடுத்த கட்டிடத்தில் இத்தனை வருஷமும் ஒரு நீச்சல் குளம் இருந்திருக்கிறது. வெதுவெதுப்பும் மருந்து வாடையும் வருவதால் அதைச் சலவைக்கூடம் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் என் துண்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனதுகூட உண்டு, அதை இங்கே விவரிக்க வேண்டாம். இப்படி ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு விளங்காமல் போனது ஒன்றே ஒன்றுதான். நான் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் கூட்டங்களில் மட்டும் காரியங்கள் எப்படி மளமளவென்று முடிகின்றன?

மாதம் இரண்டு முறை விளையாட்டுக் குழு கூடும். ஓட்டுப் போடுகிறவர்கள் ஐந்து பேர்: தலைவர் டாக்டர் டோலெஃப்சன் அம்மா, பெண்கள் கைப்பந்துப் பயிற்சியாளர் ரோண்டா கிர்ஷ், இரண்டு பேராசிரியர்கள், கட்டிடங்களுக்கும் வண்டிகளுக்கும் பொறுப்பான டுவேன் பவெல்கா. எனக்கு ஓட்டு இல்லை, அறிக்கை வாசிப்பது மட்டும்தான் என் வேலை. இந்தப் பவெல்கா 1994-இல் என் அணியில் இரண்டாம் தளத்தில், அதாவது ஓட்டக்காரர்கள் ஓடிச் சேரும் இரண்டாவது மூலையில், ஆடியவன். இப்போது வழுக்கையும் தொந்தியுமாக இருக்கிறான், ஆனாலும் என்னைப் பார்த்தால் முதுகை நிமிர்த்திக்கொள்வான்.

நீ என் ஆட்டத்துக்கு வந்த இரண்டு முறையும் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாய், அதனால் சொல்கிறேன். பயிற்சியாளர் மூன்றாம் தளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உடம்பில் அங்கங்கே தொட்டுக் காட்டுவார். அதுதான் ஆட்டக்காரனுக்குக் கட்டளை. எதிரணி கண்டுபிடித்துவிடாமல் இருக்கப் பத்து இடம் தொடுவோம், அதில் ஒன்பது வெறும் நடிப்பு. என் அணியில் இடது காதுதான் சாவி. காதைத் தொட்ட பிறகு அடுத்ததாக எதைத் தொடுகிறேனோ அது மட்டுமே நிஜம். பெல்ட் என்றால், பந்தை எறிபவன் அசந்திருக்கும்போது அடுத்த தளத்துக்கு ஓடித் திருடு. மார்பு என்றால், பந்தை மெல்லத் தட்டிவிட்டு நீ அவுட்டாகிப் போ, முன்னால் நிற்பவன் முன்னேறட்டும். தொப்பி விளிம்பைத் தொட்டால் இதுவரை காட்டியது அத்தனையும் ரத்து.

செப்டம்பரில் எனக்கு இடது காதில் கேட்கும் கருவி வைத்தார்கள். அது அரிக்கும். அதே மாதம் மார்வா எனக்கு இறைச்சியைப் பாதியாகக் குறைத்ததில் கால்சட்டை தளர்ந்து போனது. இப்போது முதல் கூட்டத்தைக் கேள். மல்யுத்த அணியும் கோல்ஃப் அணியும் ஒரே சனிக்கிழமைக்குப் பெரிய வேனைக் கேட்டு நின்றன. நான் காதைச் சொறிந்துவிட்டுக் கால்சட்டையை மேலே இழுத்துவிட்டேன். உடனே பவெல்கா எழுந்து, மல்யுத்தப் பயிற்சியாளர் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்த சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, வேன் கோல்ஃபுக்கு என்றான். அக்டோபரில் ரோண்டாவின் பெண்களுக்குக் காயம் கட்ட ஓர் அறை இல்லை என்ற பேச்சு வந்தது. நான் காதைத் தொட்டேன், பிறகு குறிப்பெழுதச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். பவெல்கா தன் சொந்த அலுவலகத்தையே கொடுத்துவிட்டு, தரைமெழுகு டப்பாக்கள் அடுக்கிய கிடங்குக்குக் குடிபோனான். எல்லோரும் கைதட்டினார்கள். கல்லூரிச் செய்தித்தாள், லாயிட் ஹாவர்காம்ப் பேசுவதில்லை, காரியம் நடக்கிறது என்று என்னைப் பற்றி அரைப் பக்கம் எழுதியது. அந்தப் பக்கத்தை உனக்கும் அனுப்பினேன், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

எனக்குப் புகழ் வந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று பொருள். ஆகவே, ஆட்டத்தை ஸ்கோர் புத்தகத்தில் பந்துக்குப் பந்து குறிக்கும் பழக்கத்தில், கூட்டங்களையும் அதே புத்தகத்தில் குறித்து வந்தேன். யார் பேசினார்கள், யார் எழுந்தார்கள், என் கை எங்கே இருந்தது என்று எட்டுக் கூட்டம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சமையலறை மேசையில் விரித்து வைத்துப் பார்த்தேன். காது, பெல்ட், பவெல்கா பிடுங்கினான். காது, மார்பு, பவெல்கா விட்டுக்கொடுத்தான். ஏழு தடவை. ஒரு தடவைகூடத் தவறவில்லை. மார்வாவிடம் காட்டினேன். அவள் உருளைக்கிழங்கை உரிப்பதை நிறுத்தவேயில்லை.

“இதுக்கா ஒரு புஸ்தகம்? முப்பத்தோரு வருஷம் ஊரு பாக்க நின்னு உடம்பெல்லாம் தடவிக்கிட்ட ஆளு நீ. கோயில்ல பாட்டுப் புஸ்தகம் குடுக்கிறப்பக்கூட காதத் தொடுற. போய் வேற பெல்ட் வாங்கு, லாயிட்.”

தொப்பி இருந்திருந்தால் விளிம்பைத் தொட்டு எல்லாவற்றையும் ரத்து செய்திருப்பேன். தலைவர் அறையில் தொப்பி போடுவது மரியாதையில்லை என்று முதல் நாளே கழற்றி வைத்துவிட்டேன். ஆக ஏழு மாதமாக நான் கட்டளை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், ரத்து செய்ய வழியில்லை.

போன வெள்ளிக்கிழமை வந்ததுதான் பெரிய கூட்டம். என் பழைய மைதானத்தை மூடி, அதன் மேல் கார் நிறுத்துமிடம் போட வேண்டும், பையன்கள் பதினொரு மைல் தள்ளியுள்ள நகராட்சி மைதானத்தில் ஆடிக்கொள்ளட்டும் என்பது திட்டம். அறிக்கை எழுத வேண்டியவன் நான். நிர்வாகி ஒரு பக்கம் சாயக்கூடாது என்பதால் மைதானத்துக்கு ஆதரவாக ஏழு பக்கம், கார்களுக்கு ஆதரவாக ஏழு பக்கம் எழுதினேன். கார்களின் பக்கங்கள் நன்றாக வந்திருந்தன. பவெல்காவுக்குத் தப்பித் தவறியும் சைகை போய்விடக்கூடாது என்று பெல்ட்டுக்குப் பதில் தோள்பட்டை வார் மாட்டிக்கொண்டேன், பையில்லாத கம்பளிச் சட்டை போட்டேன், அறிக்கையை வாசித்து முடித்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அப்போதுதான் காதுக்கருவி விசிலடித்தது. சாதாரணமாக அல்ல, கெட்டில் போல. ஐந்து பேரும் திரும்பினார்கள். வேறு வழியில்லாமல் கையை எடுத்துக் காதை அமுக்கினேன். விசில் நின்றது. ஆனால் அக்கா, சாவியைத் தொட்டாயிற்று. இனி இந்தக் கை அடுத்து எங்கே படுகிறதோ அதுதான் கட்டளை. பவெல்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையைக் காதிலேயே வைத்துக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம் போனது.

“கோச், காது வலிக்குதா?” என்றார் தலைவர்.

“இல்லீங்க டாக்டர்.”

“அப்ப கைய எறக்குங்க.”

“எறக்க முடியாதுங்க.”

ரோண்டா தண்ணீர்க் குவளையை என் பக்கம் தள்ளினாள். தலைவர் என் பதினான்கு பக்கத்தை மூடி ஓரமாக வைத்தார்.

“இதுல இப்பிடியும் சொல்றீங்க, அப்பிடியும் சொல்றீங்க. ஒம்பது வருஷமா உங்கள எனக்குத் தெரியும், இதுவரைக்கும் ஒண்ணு வேணும்னு நீங்க கேட்டதில்ல. இது போகட்டும். உங்களுக்கு என்ன வேணும்? அத மட்டும் சொல்லுங்க.”

எது நியாயம் என்று யோசிக்கவே இல்லை, வாயில் வந்தது வெளியே விழுந்துவிட்டது.

“அந்த மைதானம் இருக்கணுங்க. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது.”

சொன்ன வேகத்தில் கை தளர்ந்து கீழே இறங்கி, என் மார்பில் விழுந்தது. பவெல்கா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சீட்டை எடுத்து எழுதினான். சீட்டுகளைக் கிண்ணத்தில் போட்டு எண்ணினார்கள். மைதானத்துக்கு மூன்று, காருக்கு இரண்டு. யார் எது போட்டார்கள் என்பது ரகசியம், ஆனால் எனக்குத் தெரியும். கார் நிறுத்த இடம் வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்த ஒரு மனிதன், என் கை மார்பில் பட்டதைப் பார்த்ததும், தான் அவுட்டாகிப் போனான். அந்த ஓட்டு அவனுடையதல்ல, இருபது வயதில் நான் அவனுக்குள் போட்டு வைத்தது. என் மைதானத்தை நான் திருடிக்கொண்டேன். இப்படிப்பட்டவன் அந்த நாற்காலியில் இருக்கக்கூடாது. மைதானத்தைத் திருப்பிக் கொடுக்கும் துணிவும் எனக்கு இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமை ராஜினாமா, அதற்கடுத்த வாரம் டூசானில் உன் வீடு. நான் அதிகம் சாப்பிட மாட்டேன், கேட்கும் கருவியையும் கழற்றிவிடுவேன்.

உன் முழங்கால் கனமான எதையும் தூக்கும்படி நேராமல் இருக்கட்டும். பக்கத்து வீட்டு ஹெர்னாண்டஸ் தம்பதிக்கும், ஞாபகம் வைத்திருந்தால் பாதிரியாருக்கும், நாய்க்கும் என் அன்பைச் சொல்லவும்.

உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
லாயிட்

பின்குறிப்பு, வியாழக்கிழமை: இந்தக் கடிதம் இன்னும் தபாலில் சேரவில்லை. வீட்டில் தபால்தலை ஒன்றுகூட இல்லை என்றாள் மார்வா. இன்று காலை ரொட்டி டப்பாவுக்கு அடியில் ஒரு சுருள் நிறையக் கண்டெடுத்தேன். இடையில், நேற்று, மனசு கேட்காமல் பவெல்காவின் கிடங்குக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஸ்கோர் புத்தகத்தையும் காட்டினேன். அவன் ஒரு தரைமெழுகு டப்பா மேல் உட்கார்ந்து, கண்ணீர் வரும்வரை சிரித்தான்.

“கோச், உங்க சைகை எனக்கு என்னிக்குங்க புரிஞ்சிருக்கு? நாலு வருஷம், ஒரு தடவ கூடப் புரியல. கேட்டா திட்டுவீங்கன்னு கேக்கல. கால் சும்மா இருக்காது, ஓடிருவேன். நீங்களும் தட்டிக்குடுப்பீங்க.”

வேன்? மல்யுத்தக்காரர்கள் போன முறை அதில் ஈரத்துணியை ஒரு வாரம் விட்டுவைத்தார்களாம். அறை? அதில் வெப்பக்குழாய் நாளெல்லாம் கடகடவென்று அடித்துக்கொள்ளுமாம், யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தானாம், கிடங்கு அமைதியாக இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை ஓட்டு?

“கோச், கோவிச்சுக்காதீங்க. நான் காருக்குத்தான் போட்டேன். பதினோரு வருஷமா தேவாலயத்துக்குப் பின்னாடி நிறுத்திட்டுப் பனியில நடக்கிறேன். அந்தப் பெருமூச்சு அதுக்குத்தான்.”

1994-இல் இந்த மாநிலத்திலேயே அதிகத் தளங்களைத் திருடியவன் அவன், வெர்லா. அதற்காக எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். இப்போது அது என் மேசைமேல் இருக்கிறது, அதைப் பார்க்கவே ஒரு மாதிரியாக இருக்கிறது.

அப்படியானால் அந்த மூன்று சீட்டு யாருடையது? இரண்டு பேராசிரியர்களும் ஆட்டம் பார்த்ததே இல்லை. ரோண்டாவின் கார் தினமும் புல்லில்தான் நிற்கிறது. தலைவர் அம்மாவின் திட்டம்தான் அந்தக் கார் நிறுத்துமிடமே. என் கை எங்கே பட்டது என்று பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்களில் ஒருவரும் இல்லை. நான் சொன்னதைக் காதால் கேட்டிருக்கத்தான் வேண்டும். இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரியவில்லை, ஸ்கோர் புத்தகத்தில் புதுப் பக்கம் திறந்திருக்கிறேன். அடுத்த கூட்டம் புதன்கிழமை.

இதை எழுதும்போது தொப்பி போட்டுக்கொண்டிருக்கிறேன், அக்கா. இதோ, விளிம்பைத் தொடுகிறேன். பின்னறையில் உன் தையல் மெஷினே இருக்கட்டும்.