சனிக்கிழமைப் புல்

மனுஷன் ரிட்டயர் ஆவது எதற்காக? சனிக்கிழமை மத்தியானம் ஒரு ரெண்டு மணி நேரமாவது பெண்டாட்டி கண்ணில் படாமல் உட்கார்ந்திருக்கத்தான். வேதமாணிக்கம் முப்பத்திநாலு வருஷம் ஆபீசில் ஃபைல் தூக்கியதெல்லாம் அந்த ரெண்டு மணி நேரத்தை எண்ணித்தான். பழவங்காடியில் அவருடைய பழைய சிநேகிதர் பூதலிங்கம் பாத்திரக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு, ஒரு செஸ் போர்டு, சொன்னால் சாயா வரும். அங்கே போய் உட்கார ஆரம்பித்து மூணே சனிக்கிழமை ஆகியிருந்தது. அதற்குள் செல்லபாய் முற்றத்தில் புல் போட்டுவிட்டாள்.

மார்த்தாண்டத்தில் அவள் தம்பி வீட்டு முற்றத்தில் லான் போட்டிருக்கிறானாம். அதைப் பார்த்துவிட்டு வந்த வாரமே நேமத்தில் இவர்கள் வீட்டு வாசலிலும் பாய் பாயாகப் புல் வந்து இறங்கியது. கூடவே, தள்ளிக்கொண்டே போய் வெட்டுகிற மிஷின் ஒன்று. வெட்டுகிற நேரம் சனிக்கிழமை மத்தியானம் என்று அவளே முடிவு பண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணுக்கு முற்றம் பளிச்சென்று இருக்க வேண்டுமாம். திருவனந்தபுரத்து மழைக்குப் புல் சும்மா இருக்குமா? வெட்டிவிட்டுத் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் முளைத்து நிற்கும். மனுஷனுக்கு இடுப்பும் போச்சு, சனிக்கிழமையும் போச்சு. முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் ஒருதடவையாவது மாட்டேன் என்று சொன்னாரா என்றால், மனதுக்குள் நிறையவே சொல்லியிருக்கிறார்.

வெட்டிய புல்லை ஒருநாள் சாக்கில் அள்ளும்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. தான் வாயைத் திறந்தால்தானே வம்பு. பச்சைப் புல்லை மொத்தமாகக் குவித்து மழையில் போட்டால் பத்தே நாளில் அழுகி நாறும். அடுக்களை ஜன்னலுக்கு நேர் கீழே நாறினால், இந்த லானைப் பெயர்த்து எறியுங்கள் என்று அவளே கையெடுத்துக் கும்பிடுவாள்.

"வெட்டுன புல்ல வீணாக்கப்பிடாது பிள்ள. உரமாக்கி வாழைக்குப் போடலாம்னு இருக்கேன்," என்று அன்றைக்குச் சாயங்காலம் மெதுவாகச் சொல்லிவைத்தார்.

செல்லபாய் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நல்ல காரியம்லா," என்றாள்.

இவ்வளவு லேசில் அவள் சம்மதித்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜெயித்துப் பழக்கமே இல்லாத மனுஷன், பாவம், ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டார்.

ஜூன் மழை கொட்டியது. ரெண்டு சனிக்கிழமையில் குவியல் இடுப்பளவு ஏறியது. போதாதென்று கஞ்சித்தண்ணியையும் ஊற்றி, மேலே ஏறி மிதித்தும் விட்டார். பத்தாம் நாள் நாற்றம் கிளம்பியது பாருங்கள், தெருநாய்கூட அந்தப் பக்கம் வரவில்லை. அடுத்த வீட்டு அஜிதா மதிலுக்கு அப்புறம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, "சாரே, இதொந்நு எடுத்து மாற்றணே," இதைக் கொஞ்சம் அகற்றுங்கள் என்று மலையாளத்தில் கெஞ்சினாள். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று வேதமாணிக்கம் அவளுக்குச் சந்தோஷமாக வாக்குக் கொடுத்தார். செல்லபாயோ அடுக்களை ஜன்னலைத் திறந்துவைத்து மீன் பொரித்தாள். கூடவே ஞானப்பாட்டு வேறு.

ஒரு வாரத்தில் நாற்றம் நின்றுவிட்டது. வேதமாணிக்கம் குனிந்து மோந்து பார்த்தார். புதுமழை பெய்த மண் வாசம் அடித்தது. இன்னும் புல் போட்டார், இன்னும் தண்ணி ஊற்றினார். ம்ஹும். தினமும் விடியக்காலை இவர் வாக்கிங் போகிற முக்கால் மணி நேரத்தில், செல்லபாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குவியலை மண்வெட்டியால் புரட்டிப் போட்டாள், பலாச் சருகை நடுநடுவே சேர்த்தாள், சாணியைக் கரைத்துத் தெளித்தாள். இதெல்லாம் அவருக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. குவியல் ஓரத்தில் அவள் ஊன்றிய பூசணி விதை முளைத்து, கொடி மதிலேறி, எட்டுக் கிலோவுக்கு ஒரு காய் காய்த்தது.

நவம்பரில் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் வீட்டில் விளைந்த முதல் பலனை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். பூசணிக்காயை வேதமாணிக்கம்தான் தோளில் சுமந்து போனார். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். என்ன உரம் போட்டீர்கள் என்று கேட்டார்கள். மனுஷனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எல்லாம் தன் கைப்பட வெட்டிய புல், வெட்டியெடுத்த புல்லில் ஒரு இணுக்குகூட வீணாக்குவதில்லை என்று மூணு பேரிடம் சொன்னார். நாலாவதாகக் கேட்டவர் போதகர்.

ஆராதனை முடிகிற நேரத்தில் போதகர் சபையார் எழுதிக் கொடுத்த ஜெப விண்ணப்பச் சீட்டுகளை எடுத்தார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். வீட்டில் காத்திருக்கும் சோற்றையும் கிளாக்காய் ஊறுகாயையும் நினைத்தபடியே வேதமாணிக்கத்துக்குக் கொஞ்சம் கண் அசந்தது.

"ஆண்டவரே, எங்கள் சகோதரர் வேதமாணிக்கத்துக்காக உம்மைத் துதிக்கிறோம். வீட்டுப் புல் தம் உரத்துக்குப் போதாமல், இனிச் சனிக்கிழமைதோறும் நம்முடைய கல்லறைத் தோட்டத்துப் புல்லையும் வெட்டிச் சுத்தம்பண்ண அவர் தம்மை ஒப்புக்கொடுத்திருக்கிறார். அவருடைய இடுப்பைப் பலப்படுத்தும்."

சபை முழுவதும் "ஆமென்" என்றது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் வேதமாணிக்கம். ஜெபம் முடிந்தால் ஆமென் என்று வாய் தானாகச் சொல்லும், அறுபது வருஷப் பழக்கம். காதில் விழுந்தது மண்டைக்கு ஏறியபோது இருநூறு பேர் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டவர் சந்நிதியில் சொன்னதை எந்த முகத்தோடு திருப்பி எடுப்பது?

வெளியே வந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னக் கேக்காம எப்பிடிட்டி எழுதிக் குடுத்த?"

"புல்ல வீணாக்கப்பிடாதுன்னு நீங்கதானே சொன்னிய," என்றாள் செல்லபாய். "பச்சப்புல்லக் குவிச்சா நாறும்னு எனக்குத் தெரியாதா? நான் வயக்காட்டுல வளந்தவளாக்கும். கல்லறத் தோட்டத்துலன்னா பேச்சுக் குடுக்க ஆளு கிடையாது, வேல சட்டுன்னு முடியும்."

வேதமாணிக்கம் கிடைத்தவரைக்கும் ஒரு லாபமாவது இருக்கட்டும் என்று கேட்டார்.

"அப்பம் நம்ம வீட்டுப் புல்லு?"

"அத வெள்ளிக்கிழமையே வெட்டிப்போடுங்க," என்று சொல்லிவிட்டு அவள் ஆட்டோவில் ஏறினாள்.