நாற்பத்திரண்டு பிழை கண்டவர்

நீங்கள் கடைசியாக ஒரு பொய்யைப் பொய் என்று சொன்னது எப்போது? திரையரங்கில் சொன்னதைச் சேர்க்காதீர்கள்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நம்மிடையே ஓர் இனம் பெருகிவருகிறது: முன்கதை ரசிகர். இருபது வருடங்களுக்கு முன் ஒரு விண்வெளிப் படத்தைப் பார்த்து, அதற்குள்ளேயே குடியேறி, இன்றுவரை காலி செய்யாதவர். அந்தக் கதைக்கு முன்னால் நடந்தது இது என்று இப்போது புதுப் படம் ஒன்று வந்தால் ஊரார் அதைப் படமாகப் பார்ப்பார்கள். இவர் தன் வீட்டுப் பத்திரத்தில் யாரோ கைவைத்துவிட்டதாகப் பார்ப்பார்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். மருந்துக் கிடங்கு ஒன்றில் தரப் பரிசோதகர். வயது நாற்பத்தொன்று. கூட வேலை செய்பவர்கள் 'கேப்டன்' என்று கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர். அவர் பட்டமாக ஏற்றுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு எடுத்து, முதல் காட்சிக்கே போனார் கேப்டன். மதியம் திரும்பியபோது நிஜமாகவே காய்ச்சல்காரர் போல இருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார்.

"என்னங்க, யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" பதறினாள் மனைவி.

"நாய்" என்றார்.

"ஐயோ, கடிச்சிடுச்சா?"

"படத்துல. கப்பல் தலைவர் சின்னப் பையனா இருக்கறப்போ நாயோட விளையாடுறாரு. முதல் படத்துல அவரே சொல்றாரு, வாழ்நாள்ல நாயைத் தொட்டதே இல்லைன்னு. என் சின்ன வயசையே நாசம் பண்ணிட்டாங்கடி!"

"உங்க சின்ன வயசு இன்னும் முடியவே இல்லையே, அதுக்குள்ள எப்படி நாசமாச்சு?"

இதற்கெல்லாம் பதில் சொல்லி நேரத்தை வீணாக்குபவர் அல்ல அவர். இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு பட்டியல் போட்டார். தலைவரின் இடப்புருவத்தில் இருந்த தழும்பு வலப்புருவத்துக்கு இடம் பெயர்ந்தது, கப்பலின் ஏழாம் கதவு உள்பக்கம் திறக்காமல் வெளிப்பக்கம் திறந்தது, தாத்தாவின் கைக்கடிகாரம் தாத்தா பிறப்பதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது என்று மொத்தம் நாற்பத்திரண்டு பிழைகள். ரசிகர் குழுவில் வெளியிட்டார். "விடுங்க சார், கதைதானே?" என்று எழுதினான் ஒருவன். அவன் இப்போது அந்தக் குழுவில் இல்லை.

முதல் படத்தில் மட்டும் பிழையே இல்லையா? இருக்கிறது. காற்றே இல்லாத வெளியில் வெடிச்சத்தம் காதைப் பிளக்கிறது. கேட்டால் கேப்டன் புன்னகைப்பார். கப்பலின் சுவருக்குள் ஒலிபெருக்கி உண்டாம். வீரர்கள் உஷாராக இருக்கவேண்டும் என்று அதுவே சத்தம் போடுகிறதாம். படத்தில் எங்காவது அந்த ஒலிபெருக்கியைக் காட்டினார்களா? காட்டவில்லை. ஆனால் இருந்திருக்க வேண்டும். தமக்குப் பிடித்த இடத்தில் ஓட்டையை அடைத்துக் கொடுப்பார், பிடிக்காத இடத்தில் ஓட்டைகளை எண்ணுவார். இரண்டுக்கும் அவர் வைத்திருக்கும் பெயர் ஒன்றே: தர்க்கம்.

திங்கட்கிழமை கிடங்கில் விசாரணை. முந்தைய மாதம் குளிர் அறைக் கதவு திறந்து கிடந்து ஓர் அடுக்கு மருந்து கெட்டுப்போயிருந்தது. பன்னிரண்டு வருடமாகப் பெட்டி கட்டும் ஒரு பெண்மீது பழி. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: மேலாளர், பணியாளர் பிரிவு அதிகாரி, பணியாளர்களின் சார்பில் கேப்டன். ஆம், அவளுடைய சார்பில்தான்.

குற்றச்சாட்டு மெமோ நான்கு பக்கம். மூன்றேகால் மணிக்கு அவள் கதவைத் திறந்தாள் என்றது இரண்டாம் பக்கம். இரண்டு மணிக்கே அவள் வெளியேறிவிட்டதாக, வாசல் எந்திரத்தில் பதிவான நேரத்தோடு, சொன்னது நான்காம் பக்கம்.

"ரெண்டு மணிக்கே நான் கிளம்பிட்டேன் சார். கார்டுல இருக்கு, பாருங்க" என்றாள்.

கேப்டனின் கண் அது. பார்த்துவிட்டது. தழும்பு புருவம் மாறியதைப் பிடித்த கண்ணுக்கு இது எம்மாத்திரம்? மூவரில் முதலில் கவனித்தவர் அவர்தான். மேலாளரும் புரட்டிப் பார்த்தார். முகம் சற்றே சுருங்கியது. மேசைமேல் ஓட்டை ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

அவரை யாரும் மிரட்டவில்லை. யாரும் எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. பழக்கம், அவ்வளவுதான்.

"ஒருவேளை" என்றார் கேப்டன், தொண்டையைச் செருமிக்கொண்டு, "போயிட்டுத் திரும்பி வந்திருக்கலாம். பின்வாசல்ல எந்திரம் இல்லையே. மறந்து வெச்ச குடையை எடுக்க வந்திருப்பாங்க."

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதானே! எழுதிக்குங்க."

"என்கிட்ட குடையே கிடையாது சார்" என்றாள் அவள்.

அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. மூன்றேகால் மணிக்குக் குளிர் அறைச் சாவி யாரிடம் இருந்தது என்று யாரும் கேட்கவுமில்லை. விசாரணை அறிக்கையின் கீழே மூன்று கையெழுத்துகள். மூன்றாவது, வளைவுகளோடு, மிக அழகானது.

புதன்கிழமை வேலைநீக்க உத்தரவு வந்தது. மேல்முறையீடு செய்யப் பத்து நாள் அவகாசம். அன்று சாப்பாட்டு வேளையில் அவள் கேப்டனின் இருக்கைக்கு வந்து நின்றாள்.

"பக்கத்துக்குப் பக்கம் ஒத்துப்போகலைன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க சார். அது இருந்தா அப்பீலை எடுத்துக்குவாங்களாம். இல்லைன்னா என் வேலை போனது போனதுதான்."

"கம்பெனி ஆவணம்மா அது. யோசிக்காமலா எழுதியிருப்பாங்க? ஏதாவது காரணம் இருக்கும்."

"அந்தக் காரணத்தை நீங்கதானே சார் சொன்னீங்க?"

கேப்டன் கணினித் திரையைப் பார்த்தார். நாற்பத்து மூன்றாவது பிழை பாதி வாக்கியத்தில் காத்திருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அறிவில்லாதவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. இருக்கும் அறிவையெல்லாம் இல்லாத கப்பலுக்குச் செலவழித்துவிட்டு, இருக்கும் மனுஷிக்கு முன்னால் வெறுங்கையை விரிப்பவர்மேல்தான் வருகிறது. நீங்கள் சிரிக்கிறீர்கள். விண்வெளிப் படமே பார்ப்பதில்லை, அதனால் நீங்கள் இந்த இனமில்லை என்று நினைக்கிறீர்கள். உங்களுடையது கிரிக்கெட்டாக இருக்கும். நடுவரின் பிழையை நான்கு கோணத்தில் நிரூபித்திருப்பீர்கள். அல்லது சமையல் நிகழ்ச்சியாக, தொடர்கதையாக இருக்கும். மேலதிகாரியின் பிழை என்று வந்தால் மட்டும் உங்கள் கையிலும் ஏதாவது ஒரு குடை இருக்கும், குடையே இல்லாதவர் தலையில் கட்ட.

அவளுடைய அவகாசத்தில் இன்னும் ஆறு நாள் பாக்கி இருக்கிறது. இப்படிப்பட்டவள் ஒருத்தி உங்கள் அலுவலகத்திலும் இருப்பாள். அவளைப் பற்றிய தாள் ஒன்று உங்கள் கையெழுத்துக்காக இன்று மேசைக்கு வந்திருக்கும். அதை எடுங்கள். காரணம் கண்டுபிடித்துத் தராதீர்கள், வெறுமனே படியுங்கள். ஒத்துப்போகவில்லையா? "ஒத்துப்போகவில்லை" என்று அதிலேயே எழுதுங்கள். கீழே உங்கள் பெயரையும் போடுங்கள்.