தூக்கத்தைக் காவல் காத்தவர்

இந்த ஞாயிறு ஜன்னல் பக்கத்துச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதில்லை என்று பண்டிதர் தீர்மானித்தார். அதை மனைவியிடம் சொல்வதில்லை என்பது உபதீர்மானம். இன்று தப்பினால் அடுத்த வாரம் மழை வந்துவிடும்.

பண்டிதர் என்பது அலுவலகம் சூட்டிய பட்டம். கணினி நிரல் எழுதுபவர். ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் சோறு இறங்காது. அவர் ஒரு தன்னார்வலர் கூட்டத்தில் இருந்தார். கட்டளையைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் அந்தக் காலத்துக் கணினிக் கருவிகளை, எந்தக் கணினியிலும் ஓடும்படி எளிய நிரல்மொழியில் திரும்ப எழுதும் கூட்டம். வரிசைப்படுத்தும் கருவியை ஒரு பல் மருத்துவர் எடுத்துக்கொண்டார். வரிகளை எண்ணும் கருவி ஒரு மாலுமிக்குப் போனது. பண்டிதருக்கு மிஞ்சியது ‘தூங்கு’. சொன்ன நேரம் வரை சும்மா இருப்பதே அதன் தொழில்.

மனைவி பிரஷோடு வந்து நின்றாள்.

“என்னங்க, டப்பாவைத் திறந்துட்டேன்.”

“உஷ்! தூங்கிட்டிருக்கு.”

“எது?”

“கருவி. ரெண்டு மணி நேரம் தூங்கச் சொல்லியிருக்கேன். சரியா எழுந்திருக்குதான்னு பக்கத்துலயே இருந்து பார்க்கணும்.”

“கண்ணை மூடிக்கிட்டா?”

“அது உன்னிப்பா கவனிக்கிறது.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “மத்த கருவியெல்லாம் என்னங்க செய்யும்?”

இப்படி ஒருவர் கேட்கமாட்டாரா என்று ஏங்கியவர் பண்டிதர். உருகிவிட்டார்.

“ஒவ்வொண்ணும் ஒரே ஒரு வேலைதாம்மா. நேரம் சொல்ல ஒண்ணு, மணியடிக்க ஒரு கட்டளை. ஆனா ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா கோத்துக்கிட்டே போகலாம். என்ன வேணா செய்யலாம்! இதை யோசிச்சவங்க கால்ல விழணும். அந்த மாலுமி நடுக்கடல்ல இருந்து எழுதி அனுப்புறார், சம்பளமில்லாம!”

“அப்போ நேரம் சொல்றதை முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு கோத்து, நடுவுல உங்களுதைத் தூங்க வச்சா? எப்போ படுத்துச்சு, எப்போ எழுந்துச்சுன்னு திரையிலயே தெரிஞ்சிடுமே?”

பண்டிதர் வாய் பிளந்தார். இந்த உலகத்துக்குள் அவள் நுழைந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“தெ... தெரியும்.”

“கடைசியில மணியை மாட்டினா, சுவர்கிட்ட இருக்கிற ஆளுக்கும் கேட்கும்?”

“கேட்கும்,” என்றார், பத்திரத்தில் கைநாட்டு வைப்பவர் குரலில்.

எல்லாவற்றையும் கோத்து ஓடவிட்டு ஏணி ஏறினார். இரண்டு மணி நேரப் பெயிண்டுக்குப் பிறகு மணி அடித்தது. பண்டிதர் ஏணியிலிருந்து குதித்து ஓடினார். திரையில் இரண்டு நேரங்கள்; ஒரு நொடி பிசகவில்லை. தன் கை எழுதிய தூக்கம்! கண் கலங்கிவிட்டது. சொட்டும் பிரஷோடு கணினியைக் கும்பிட்டார்.

“ஜெயிச்சுட்டேன்!”

“ஒரு தடவை சரியா வந்துட்டா போதுமாங்க?” பின்னாலிருந்து மனைவி பயபக்தியோடு கேட்டாள்.

“போதாதும்மா!” பண்டிதருக்கு ரோஷம் வந்தது. “தற்செயலாக்கூட வந்திருக்கலாம். இன்னும் மூணு தடவையாவது சோதிச்சாத்தான் முறை.”

“நல்லதாப் போச்சு,” என்று அவள் அடுத்த டப்பாவைத் திறந்தாள். “மிச்சச் சுவரும் மூணுதான்.”