மொறிஸ் என்றும் அழைக்கப்படும் ஒஸ்டின்

ஒரு லொறியின் உண்மையான பெயர் எது? நெற்றியில் மாட்டியிருப்பதா, உள்ளே தகட்டில் பொறித்திருப்பதா? ஒரு வருடமாக யோசிக்கிறேன், பதில் தெரியவில்லை. (இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று நினைத்தால், நீங்கள் கொடுத்துவைத்தவர்.)

நாங்கள் குடியேறிய நார்த்மீட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கீத், ஓய்வுபெற்ற பிளம்பர். அவருடைய பழைய பிரிட்டிஷ் லொறியில்தான் நான் பிரசவத்துக்குப் போனேன். கணவர் வேலையில், கீத்தின் கார் திருத்தத்துக்குக் கராஜில், வலியோ நாளுக்கு முந்தி வந்துவிட்டது. மணிக்கு அறுபது கிலோமீற்றரைத் தாண்டாத லொறி அன்று தாண்டியது. என் மகள் வீதியில் பிறக்காமல் ஆஸ்பத்திரியில் பிறந்தது கீத்தின் புண்ணியம்.

அந்த மனிதர் என்னிடம் கேட்ட ஒரே உதவி, பழைய லொறிக் கண்காட்சிக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவது. 'மாற்றப்படாத அசல்' பிரிவில் ஒருமுறையாவது பரிசு வாங்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. லொறியின் முகப்பில் 'மொறிஸ்' என்று பளபளத்தது. உள்ளே தகட்டில் உள்ள இலக்கத்தை மட்டும் பார்த்து எழுதச் சொன்னார். சின்ன எழுத்து அவர் கண்ணுக்குப் பிடிபடாது.

தகட்டில் பல வருடத்து எண்ணெய் அழுக்கு. மகளைத் துடைக்கும் ஈர வைப்ஸால் தேய்த்தேன். இலக்கம் தெரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் தேய்த்தேன். 'ஒஸ்டின்' தெரிந்தது. (அந்தக் காலத்தில் ஒரே லொறியை இரண்டு பெயரிலும் விற்றார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.)

வேறு யாராவது என்றால் கீத்திடம் கேட்டிருப்பார்கள். என் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னால், லைசென்ஸில் பின்னால், வங்கியில் பாதி. எல்லாம் நான்தான் என்று இந்த நாட்டில் எத்தனையோ சத்தியக்கடதாசி கொடுத்துவிட்டேன். ஒரு உடம்புக்கு இரண்டு பெயர் கண்டால் என் கால் தானாக ஜே.பி.யிடம், அதாவது சமாதான நீதவானிடம், போகும். கீத்துக்குச் சிக்கல் வரக்கூடாதே என்று, அவருக்குச் சொல்லாமலே, என் பழைய கடதாசியில் பெயர்களை மட்டும் மாற்றி அச்சிட்டேன்.

"உமக்கென்ன விசரே? லொறிக்கு ஆர் விசா மறுக்கப்போகினம்?" என்றார் கணவர்.

நூலகத்தில் இருந்த ஜே.பி., மொறிஸ் என் கணவரா என்று கேட்டார். பக்கத்து வீட்டு லொறி என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார். விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பினேன்.

கண்காட்சியன்று நடுவர் விண்ணப்பத்தைப் புரட்டினார், நின்றார், மைக்கை எடுத்தார். "மொறிஸ் என்பவரும் ஒஸ்டின் என்பவரும் ஒரே நபரே எனச் சத்தியமாக உறுதிகூறுகிறேன்." ('நபர்' என்பதை மாற்ற மறந்திருந்தேன்.) மைதானமே சிரித்தது. பிறகு நடுவர் சிரிப்பை விட்டுவிட்டு உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். லொறி ஒஸ்டின்தான், முகப்பை யாரோ எந்தக் காலத்திலோ ஒரு மொறிஸிலிருந்து கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். அசல் பிரிவிலிருந்து கீத்தின் லொறியை எடுத்துவிட்டார்கள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஒளிவது என்று தேடினேன். கீத் டோர்ச்சோடு உள்ளே ஏறி, தகட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு இறங்கினார்.

"இருபது வருடமாக இவளைத் தப்பான பெயரால் கூப்பிட்டிருக்கிறேன்," என்றார்.

ஆறு தரம் மன்னிப்புக் கேட்டேன். ஏழாவது தரம் கையைக் காட்டி நிறுத்தினார். "இவளுக்காக இதுவரை ஒருவரும் சத்தியம் செய்ததில்லை."

நடுவரிடமிருந்து அந்தக் கடதாசியைக் கேட்டு வாங்கினார். இப்போது அது சட்டம் போட்டு லொறிக்குள் தொங்குகிறது. முகப்பை அவர் மாற்றவில்லை. வீட்டில் நான் எதற்கு யோசித்து நின்றாலும், "ஒரு சத்தியக்கடதாசி முடிப்பமோ?" என்கிறார் கணவர்.

போன கிழமை கீத் இந்த வருட விண்ணப்பத்தோடு வந்தார். மறுபடியும் என்னிடமே தந்தார். எங்கள் புண்ணியத்தில் அதில் ஒரு புதுக் கட்டம் சேர்த்திருக்கிறார்கள்: 'வேறு பெயர்கள் இருப்பின்'.

முதல் கட்டத்தில் எந்தப் பெயர், புதுக் கட்டத்தில் எந்தப் பெயர்? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அப்படியே, இதற்கு ஜே.பி. கையெழுத்து வேண்டுமா என்பதையும்.