வீட்டுக்காரர் கட்டிய தளம்

ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு வீட்டிலே, ஒரே ஒரு மேசை இருந்ததாம். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அந்தப் பக்கம் அவர் மனைவியின் தையல் மெஷின். மெஷின் ஓர் அங்குலம் நகர்ந்தால் மனிதரும் ஓர் அங்குலம் நகர்வார். இப்படி நகர்ந்து நகர்ந்து, நம் கதை ஆரம்பிக்கிற நாளில் அவர் பால்கனிக்கே போய்ச் சேர்ந்திருந்தார். மடியில் லேப்டாப். தலைக்கு மேலே கொடியில் யாரோ ஒருவருடைய பேன்ட்.

அவருக்கு இருந்தது சின்னக் குறை இல்லை. ஊரில் பாதிப் பேர் அவர் தயவில்தான் மேலே போய்க் கீழே வருகிறார்கள். லிஃப்ட் ஒழுங்காக ஓடினால் அவரை ஒருத்தரும் நினைப்பதில்லை. நின்றுபோனால் எல்லோரும் நினைக்கிறார்கள். எந்த வார்த்தையில் நினைக்கிறார்கள் என்பதை எழுத முடியாது. வீட்டிலோ அந்த நினைப்பும் கிடையாது. செருப்பை எங்கே விடுவது, ஸ்பேனரை எங்கே வைப்பது, எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவது, எல்லாமே மேலிடத்து உத்தரவு.

ஒருநாள் நின்றுபோன லிஃப்டின் கூரைமேல், வாயில் டார்ச்சைக் கவ்வியபடி உட்கார்ந்திருந்தபோது அவருக்கு ஞானம் வந்தது. தனக்கென்று ஒரு வலைத்தளம் கட்ட வேண்டும். அங்கே தான் வைத்ததுதான் சட்டம். அங்கே யாரும் வந்து, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சொல்ல முடியாது.

சாப்பிடும்போது விஷயத்தை மெதுவாக எடுத்தார்.

"நான் ஒரு வெப்சைட் கட்டப் போறேன்."

"கட்டுங்க. வீடுதான் கட்டல."

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"கேக்கலன்னா சொல்லாம விட்டுடுவீங்களா?"

"மத்தவங்க கட்டி வச்ச இடத்துல போய் போட்டோ போட்டுட்டு, யாராவது லைக் போடுவாங்களான்னு பாத்துட்டு உக்காந்திருக்கிறது வாடகை வீட்டு வாழ்க்கைம்மா. நமக்குன்னு ஒரு தளம் இருந்தா நாம வீட்டுக்காரன்."

"எனக்கு நீங்க வீட்டுக்காரர்தானே. அதுல என்ன சுகத்தைக் கண்டுட்டீங்க?"

அவர் அடுத்த வாய்ச் சாதத்தை அள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் தின்று தளம் எழுந்தது. அதில் இருந்தது ஒரே ஒரு பக்கம். தலைப்பு, 'ஏன் இந்தத் தளம்?' கீழே அவருடைய கொள்கைகள். வருகிறவர்களை எண்ணிப் பார்க்க மாட்டேன். உழைக்கும் கைகளுக்கு இங்கே என்றும் இடம் உண்டு. தளம் என்பது முடிந்த வேலை அல்ல, மாற்றத்துக்குப் பயந்தவன் இதை மூடிவிட்டுப் போகலாம்.

எழுதிவிட்டு, வருகிறவர்களை எண்ணும் கருவி ஒன்றை யாருக்கும் தெரியாமல் மாட்டினார்.

காலையில் பார்த்தால் ஒருவர் வந்திருந்தார். அது அவர்தான். மாலையில் இரண்டு பேர். இரண்டாவது ஆளும் அவர்தான். மச்சானுக்கு முகவரி அனுப்பினார். மச்சான் ஒரு கட்டை விரலை அனுப்பிவிட்டு அத்தோடு முடித்துக்கொண்டார். ஒருநாள் பாதி வழியில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு வக்கீலிடம், பேச்சுக் கொடுத்தபடி கதவிடுக்கு வழியாகத் தளத்தின் முகவரியைச் சொன்னார்.

"அப்புறம் பாக்கறேன். முதல்ல கதவைத் திறய்யா" என்றது உள்ளிருந்து ஒரு குரல். கதவைத் திறந்ததும் அந்தக் குரல் தெருவுக்குப் போய்விட்டது.

அன்றைக்கு அவர் மனசு விட்டுப்போயிற்று. வேலையிலும் இல்லாமல், வீட்டிலும் இல்லாமல், தானே கட்டிய இடத்திலும் இல்லாத ஓர் ஆள் எங்கேதான் இருக்கிறான்? பால்கனியில் உட்கார்ந்து, கொள்கைகளுக்கு அடியில் கடைசியாக ஒரு வரி சேர்த்தார். 'இது தேடி வருபவர்களுக்கான எழுத்து அல்ல. வழி தவறி வருபவர்களுக்கானது.'

எழுதியதைப் படித்ததும் அவருக்கே கண் கலங்கியது. உலகத்தில் ஒரு ஜீவனாவது இதைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அங்கேதான் தப்புச் செய்தார். எழுந்து உள்ளே போய் மனைவிக்கு முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினார்.

மெஷின் நின்றது. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் பேச்சுக்கு மெஷின் நின்றது அதுதான் முதல் தடவை.

"இன்னொரு தரம் படிங்க."

படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. அந்த உழைக்கிற கைன்னு ஒண்ணு வந்துச்சே, அதை மட்டும் மறுபடி படிங்க."

"உழைக்கும் கைகளுக்கு இங்கே என்றும் இடம் உண்டு."

அவள் ஊசி குத்தித் தடித்த பத்து விரலையும் அவர் முகத்துக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். "இதெல்லாம் என்னங்க, வாழைப்பூவா?"

அவர் சட்டம், அவர் கையெழுத்து. ஓர் ஓரத்தில் சின்னதாகத் தனிப் பக்கம் ஒதுக்கினார். அவள் சட்டைப் படங்களைப் போட்டாள். தைக்கும் முன்னே ஒன்று, தைத்த பின்னே ஒன்று. கக்கத்தில் கிழிந்தது, கழுத்தில் தொங்கியது, இடுப்பில் ஏறாதது என்று வரிசையாக வந்தது. தைக்கக் கொடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் முகவரியையும் சொல்லி அனுப்பினாள்.

ஒரே வாரத்தில் எண்ணும் கருவி தலைதெறிக்க ஓடியது. லிஃப்ட் கூரைமேல் உட்கார்ந்து பார்த்தவருக்கு முதலில் தலைகால் புரியவில்லை. பிறகு புரிந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் சட்டையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கொள்கைப் பக்கத்துக்கு வந்தவர் ஒருத்தர்தான். அந்த ஒருத்தர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த ஞாயிறு அவள் பால்கனிக்கே வந்துவிட்டாள்.

"ஏங்க, முகப்புல படம் இருந்தா நல்லா இருக்கும்."

"அது என் முகப்பு."

"தளம் முடிஞ்ச வேலை இல்லைன்னு எழுதினது யாரு? மாற்றத்துக்குப் பயந்தா மூடிட்டுப் போகலாம்னும் போட்டிருக்கீங்க. பயமா இருக்கா, மூடிடலாமா?"

தன் கையாலேயே முகப்பை மாற்றினார். அவள் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் மேல. இன்னும் மேல. போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். லிஃப்டில் அவர் உதவியாளுக்குச் சொல்கிற அதே வார்த்தைகள்.

அதற்கடுத்த ஞாயிறு கொள்கைகளுக்கே வந்தது வினை.

"வர்றவங்க இதைப் படிச்சிட்டு என்னமோ ஏதோன்னு பயப்படறாங்க. போன வாரம் ஒரு அம்மா போன் பண்ணி, வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களான்னு கேட்டாங்க."

லிஃப்ட்காரர் லேப்டாப்பை மூடினார். அவர் குரல் கெஞ்சியது. "மேசையைக் கொடுத்தேன். அலமாரியைக் கொடுத்தேன். இதுல ஓரம் கேட்ட, கொடுத்தேன். முகப்பு கேட்ட, அதையும் கொடுத்தேன். உலகத்துல ஒரு இடமாவது என்னோடதா இருக்கட்டும்மா."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொடியில் தொங்கிய பேன்டின் கால் அவர் முகத்தில் படாதபடி ஒதுக்கிவிட்டாள்.

"உங்களுக்கு ஒரு முழுப் பக்கம் தரேன். அதுல நான் கை வைக்க மாட்டேன். ஒரு நூல்கூட வராது. சத்தியம்."

"எந்தப் பக்கம்?"

"முகவரியைத் தப்பா அடிச்சா ஒண்ணு வருமே. நீங்கள் தேடிய பக்கம் இங்கே இல்லைன்னு."

"அதுவா? அது இல்லாத பக்கம்மா."

"வழி தவறி வர்றவங்களுக்குன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. வேற யாருங்க அங்க வருவாங்க?"

அவர் லேப்டாப்பைத் திறந்து தன் எழுத்தைத் தானே மறுபடி படித்துப் பார்த்தார். அவள் சொன்னதில் குற்றம் சொல்ல ஓர் இடமும் இல்லை. அவ்வளவு கவனமாக அவரை வேறு யாரும் படித்ததே கிடையாது. பெருமூச்சு விட்டுவிட்டு, கொள்கைகளை மூட்டை கட்டி இல்லாத பக்கத்தில் குடிவைத்தார்.

அப்புறம் நாட்கள் ஓடின. ஒரு சாயங்காலம் வாசல் மணி அடித்தது. மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு மனிதர் நின்றார். கையில் துணிப்பை.

"சார், இந்த வெப்சைட் உங்களோடதா?"

"ஆமா."

"முகவரியில ஒரு எழுத்து தப்பா அடிச்சிட்டேன். ஒரு பக்கம் வந்துச்சு. நான் ஏன் இந்தத் தளத்தைக் கட்டினேன்னு. நீங்க எழுதினதா?"

லிஃப்ட்காரர் கதவைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் எழுதினேன். படிச்சீங்களா?"

"முழுசாப் படிச்சேன் சார்."

"உள்ள வாங்க. உக்காருங்க." நாற்காலியில் கிடந்த துணியை எல்லாம் அள்ளித் தரையில் போட்டார். அந்த வீட்டில் அதுவரை அவர் காட்டாத வீரம் அது. "எந்த இடம் உங்களைத் தொட்டுச்சு?"

"கடைசி வரி சார். வழி தவறி வருபவர்களுக்கானதுன்னு இருந்துச்சே."

"ஆமா, ஆமா. அதைப் படிச்சதும்?"

"அப்பதான் சார் தப்பான இடத்துக்கு வந்துட்டோம்னு புரிஞ்சுது. உடனே திரும்பிப் போய்ச் சரியா அடிச்சேன். அம்மா இருக்காங்களா? பேன்ட் நீளம், கொஞ்சம் மடிச்சுத் தைக்கணும்."

மனைவி வந்தாள். தரையில் கிடந்த துணியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், குனிந்து எடுத்து நாற்காலியில் போட்டாள். அளவு எடுத்தாள். பேன்டை வாங்கி வைத்தாள்.

"புதன்கிழமை வாங்க. லிஃப்ட்லயே வந்திருக்கலாமே, ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

"எங்கம்மா, லிஃப்ட் நின்னுல்ல போச்சு. படியேறி வந்தேன்."

"அதுக்கென்ன, நம்ம வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்தான்."

அந்த மனிதர் திரும்பி லிஃப்ட்காரரை முதல் தடவையாக மேலும் கீழும் பார்த்தார்.

"அப்படியா சார்? எழுத்தாளர்னு நினைச்சிட்டேன்." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

லிஃப்ட்காரர் அந்த ஒரு வார்த்தையைக் காதுக்குள் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். மனைவி ஸ்பேனரைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். கூடவே ஒரு காகிதம், பசையோடு. அதில் தளத்தின் முகவரி பெரிய எழுத்தில் இருந்தது.

"இதை லிஃப்ட் கதவுல ஒட்டிட்டு வாங்க. எழுத்துப் பிழை இல்லாம பாத்து எழுதியிருக்கேன். இனிமே யாரும் உங்க பக்கத்துக்கு வந்து மாட்டிக்க மாட்டாங்க."

காகிதத்தையும் ஸ்பேனரையும் வாங்கிக்கொண்டு அவரும் படியிறங்கிப் போனார்.