ஆறு மணிக்குச் சத்தம் கூடாது

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இப்போதெல்லாம் ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள். முதுகை நிமிர்த்தி உட்கார், நடுநடுவே எழுந்து நட, தண்ணீர் குடி என்று. எல்லாம் சரிதான். என்னிடம் இருப்பது ஒரே ஒரு யோசனை. வீட்டுக்குள் உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள் என்பதைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. அதன் பலனைத் தெருவே திரண்டு வந்து பார்த்தது.

திண்டுக்கல்லுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு, டைப் அடிக்கும் வேலை எனக்கு. ஆபீஸ் சென்னையில். கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. மனைவி ஸ்டெல்லாவுக்குத் திண்டுக்கல்லிலேயே, நாகல் நகரில் டீச்சர் வேலை. வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போகிற குடித்தனம். (மனைவியோடு பேசியதைவிட கண்டக்டரோடு பேசியது அதிகம்.) அப்போதுதான் மேனேஜர் ரகு சார், நாலு பேரை நாலு ஊரில் அவரவர் வீட்டிலேயே உட்கார வைத்து வேலை வாங்கிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தார். முதல் மாதம் முடிந்ததும் அமெரிக்காவிலிருந்து கரோல் என்ற அம்மா எங்களைப் போனில் விசாரிப்பார். அவருக்குத் திருப்தி என்றால் ஊரோடு இருக்கலாம். இல்லையென்றால் மறுபடியும் பஸ்.

அதற்காக ரகு சார் நீளமாக ஒரு மெயில் அனுப்பினார். தனி அறை வேண்டும். ஆபீசுக்கு வருவதுபோல உடுத்த வேண்டும். போன் பேசும்போது வீட்டுச் சத்தம் கேட்கவே கூடாது. இதையெல்லாம் வீட்டாருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். நான் பெரிய புத்திசாலி அல்லவா, அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

அப்பா சவரிமுத்து ரிட்டயர்டு டிரில் மாஸ்டர். உத்தரவு என்று ஒன்று வந்துவிட்டால் அதை மூன்று மடங்காக நிறைவேற்றாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"சத்தந்தானே? நான் பாத்துக்கிறேன். நீ உள்ள போயி உக்காரு" என்றவர் அம்மாவிடம் திரும்பினார். "வெளிய யார்ட்டயும் மூச்சு விட்றாத. பய வேலை போயி வீட்டுல கெடக்கான்னு பேசுவாய்ங்க."

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. வந்தாலும் கண் கலங்கிவிடும். கரோல் போன் செய்வதாகச் சொன்ன நாள் மாலை, வீடு வீடாகப் போய், "ஆறு மணிக்கு மேல டிவியக் கொஞ்சம் கொறச்சு வைங்க தாயி. எங்க வீட்டுல... ஒன்னுமில்ல, விடுங்க" என்று கலங்கிய கண்ணோடு சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

பிறகு வீட்டுக்குள் ஏற்பாடுகள் நடந்தன. குக்கர் விசிலடிக்கும் என்று அடுப்பே பற்றவைக்கவில்லை. ஸ்டெல்லாவின் கண்ணாடி வளையல் சத்தம் போடும் என்று அவளை ஒரு சிநேகிதி வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடத்து ஃபேன் கடகடக்கும் என்று நிறுத்திவிட்டு, காற்றுக்காக வாசல் கதவைத் திறந்து வைத்தார்கள். மிச்சமிருந்தது அப்பாவின் தும்மல். சாயங்காலமானால் அடுக்கடுக்காகத் தும்முவார். ஒவ்வொன்றும் தெருமுனை வரை போகும். அதற்கும் அம்மா வழி கண்டுபிடித்தார். அப்பாவைக் கூடத்துக் கட்டிலில் நேராகப் படுக்க வைத்து, தூசி ஏறாமல் கழுத்து வரை வெள்ளைப் போர்வை போர்த்தி, வாய் திறக்காமல் இருக்கத் தாடையையும் தலையையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டிவிட்டார். வியர்க்குமே என்று தலைமாட்டில் உட்கார்ந்து விசிறினார். இன்னொரு கையில் ஜெபமாலை. என் வேலைக்காகத்தான்.

நான் முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வெள்ளைச் சட்டை, டை சகிதமாகப் போன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். (கீழே கைலிதான். அதைப் பற்றி மெயிலில் தெளிவாக ஒன்றும் இல்லை.)

விஷயம் என்னவென்று விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக் காதர் பாய், வாசலிலிருந்தே கூடத்தைப் பார்த்திருக்கிறார். "அந்த மனுசன் அம்புட்டு அமைதியா இருந்து நான் பாத்ததே இல்ல தம்பி. வேற என்னத்த நெனைக்கிறது?" என்று பிற்பாடு அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எந்தக் காரியத்தையும் இழுத்துப் போட்டுச் செய்கிறவர் அவர். மாதாகோயிலில் ஜெபம் சொல்லும் உபதேசியாருக்கு ஆள் விட்டார். மாலை வாங்கி வரச் சொன்னார். வாடகை நாற்காலிகளை, வீட்டார் சத்தம் கூடாது என்று கேட்டுக்கொண்டதால், முட்டையை இறக்குவதுபோல ஒவ்வொன்றாக இறக்கிப் போடச் செய்தார். தெருவே வந்து அரவமில்லாமல் உட்கார்ந்தது. கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா நிஜமாகவே தூங்கிப்போயிருந்தார்.

உள்ளே கரோலம்மா என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து ரகு சாரும் அதே லைனில் இருந்தார். வலது காலை ஒடித்துக்கொண்ட ஒருவருக்கு நான் இடது காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்தேன், எழுத்தில்தான். ஏன் இப்படி என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து என் ஞானம் அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த தங்கை, வீட்டுக்குள் ஓடிவந்தார். சத்தம் கூடாது என்ற செய்தி அவருக்கு வந்து சேரவில்லை.

"ஏ அண்ணே! காலையில கூட என்கூடச் சண்ட போட்டியே அண்ணே! இனிமே நான் யாரு கூடச் சண்ட போடுவேன்!"

சிரிக்க வைக்க எழுதும்போது இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் அந்த நிமிடம் எனக்கு உயிரே போய்விட்டது. நானும் நம்பிவிட்டேன். "அப்பா போயிட்டாரு சார்!" என்று போனில் கதறினேன். கரோலம்மாவுக்காக ஆங்கிலத்திலும் கதறினேன். அவர் "ஓ, நோ" என்றார். ரிசீவரை அப்படியே போட்டுவிட்டு, டையும் கைலியுமாகக் கூடத்துக்கு ஓடினேன்.

அத்தை நெஞ்சில் விழுந்ததில் அப்பா விழித்துவிட்டார். தாடைக் கட்டோடு எழுந்து உட்கார்ந்தார். கூடம் நிறைய ஜனம், கையில் மாலைகள், எங்கும் அழுகை. அவருக்குத் தோன்றியது ஒன்றுதான். உதட்டில் விரலை வைத்து, "உஷ்!" என்றார்.

கூட்டம் அலறிய அலறலில் பாதிப்பேர் தெருவில் இருந்தார்கள். அத்தை சிலுவை போட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். உபதேசியார் ஜெபப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். இதற்கான ஜெபம் எந்தப் பக்கம் என்று பாவம் அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் அப்பா வரிசையாக ஏழெட்டுத் தும்மல் போட்டார். அதன் பிறகுதான் ஊர் நம்பியது.

நான் போனுக்குத் திரும்பி, "மன்னிக்கணும், அப்பா எழுந்துட்டாரு" என்றேன். ரகு சார் தமிழில் ஆரம்பித்தார்.

"காலைப் பத்திக் கேட்டதும் அப்பாவச் சாகடிச்ச. மாட்டிக்குவோம்னு இப்ப எழுப்பிட்ட. திங்கக்கிழமை பெட்டியோட சென்னைக்கு வந்து சேரு."

"சார், சத்தியமா..."

"உங்கப்பா உயிரோட இருந்தா போனக் குடு."

அப்பாவை முன்னறைக்குக் கூட்டி வந்து கொடுத்தேன். மேலதிகாரி என்று தெரிந்ததும் அப்பா குதிகால் இரண்டையும் சேர்த்து விறைப்பாக நின்றார். தாடைக் கட்டை அவிழ்த்தார்.

"உள்ளேன் ஐயா!"

கூடத்தில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்பா நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டு மேலே பேசினார். "ஐயா, தப்பு பூராம் என்னுது. பய ஒழுங்காத்தான் வேலை பாக்கான். கட்டிக்கிட்டு வந்த புள்ள இங்க ஒத்தையில கெடக்கு. அவன மறுபடி பஸ் ஏத்திராதீங்க ஐயா." டிரில் மாஸ்டரான அவர் இன்னொருவரிடம் கெஞ்சி நான் பார்த்தது அன்றுதான்.

இதை ரகு சார் வேறு வழியில்லாமல் ஆங்கிலத்தில் சொல்ல, கரோலம்மா சிரிக்கத் தொடங்கி இருமலில் போய் நின்றார். கடைசியில் தீர்ப்பு வந்தது. காலை மாற்றிக் கட்டி இன்றே அனுப்ப வேண்டும். பையன் ஊரிலேயே இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வேலைப் பேச்சுக்கு முன்னால் இந்தப் பெரியவர் ஆஜர் சொல்லியாக வேண்டும்.

வாங்கி வந்த மாலையை என்ன செய்வது என்று காதர் பாய் கேட்டார். வேலை நிலைத்ததற்கு என்று எனக்கே போட்டுவிட்டார்கள். சேதி கேட்டு ஆட்டோவில் அழுதுகொண்டே வந்து இறங்கிய ஸ்டெல்லா, வாசல் நிறைய நாற்காலியையும் கழுத்தில் மாலையோடு நின்ற என்னையும் பார்த்து மயங்கி விழுந்தது தனிக் கதை.

அந்தக் கம்பெனி போய் வேறு கம்பெனி வந்தாயிற்று. கரோலம்மாவும் இல்லை, ரகு சாரும் இல்லை. இருந்தும் நான் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனால், ஸ்டெல்லா இன்றைக்கும் அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறாள்.

"மாமா, ஆபீஸ்ல கூப்புடுறாக. உசுரோட இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்து சாப்புடுங்க!"